வலது கைப்பிடி

என் கணவரின் வேலையைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ போய், நாற்காலி, மேசை, திரை மூன்றையும் அவரவர் உடம்புக்குத் தகுந்தபடி அமைத்துக் கொடுப்பார். "இதுக்கு ஒரு ஆளா? எங்களுக்கு நாற்காலியில உக்காரத் தெரியாதா?" என்று கேட்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "கழுத்து எப்படி இருக்கு?" என்பார். சிரிப்பு அதோடு நின்றுவிடும். கை தானாகக் கழுத்துக்குப் போகும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஆளை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்வார். "கண்ணு திறந்திருந்தா உடம்பு பொய் சொல்லும். மேசையைப் பாத்ததும் வயித்தை எக்கிக்கிட்டு நிமிர்ந்துக்கும், போட்டோ எடுக்கப்போற மாதிரி. மூடினாத்தான் உள்ளது உள்ளபடி உக்காரும்." கண்ணை மூடியபின் இரண்டு கையையும் தட்டச்சு செய்வதுபோல அந்தரத்தில் வைக்கச் சொல்வார். அப்புறம்தான் வேலை. காலுக்கு அடியில் பலகை, இருக்கையின் உயரம், கைக்கு அடியில் மேசை, முழங்கைக்கு அடியில் கைப்பிடிகள், முதலில் இடது, பிறகு வலது. கடைசியாகத் திரை. அதுவரை திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருப்பார். எல்லாம் ஆனபிறகு, "திற" என்பார். கண் முதலில் எங்கே விழுகிறதோ அங்கே திரையின் மேல் வரி இருக்கும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்த உயரத்தில் ஒரு துண்டு பச்சைக் காகித டேப்பை ஒட்டுவார். டேப் சுருள் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கத்தரிக்கோல் கிடையாது, பல்லால் கடித்துக் கிழிப்பார். "எச்சில் பண்ணி ஒட்டாதீங்க, அடுத்தவங்க வீட்டுப் பொருள்" என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே.

"திற" என்று அவர் சொல்வதற்குள் யாராவது கண்ணைத் திறந்துவிட்டால் ஒரே பேச்சுத்தான்: "டேப் ஒட்டினது ஒட்டினதுதான். மத்தது முதல்லேருந்து." கைப்பிடியை அடிவரை இறக்கிவிடுவார். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். மறுபடி கண்ணை மூடு. மேலதிகாரியானாலும் சரி, எங்கள் மகனானாலும் சரி.

குறும்பும் உண்டு. ஆள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது பூனை மாதிரி நழுவிப் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவார். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களிடம் உதட்டில் விரல் வைத்துக் காட்டுவார். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் உட்கார்ந்து எழும்போது முட்டி சொடுக்கும் சத்தம் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். அதனால் வீட்டில் என் பெயர் கமா. பதிப்பகம் தன் அலுவலகத்தை மூடிவிட்டு, இனி எல்லாரும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாருங்கள் என்றபிறகு, நான் சாப்பாட்டு மேசையில், மரநாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டு வேலை செய்துவந்தேன்.

"ஊர்ல உள்ளவங்க முதுகையெல்லாம் நிமிர்த்தறீங்க. இங்க ஒருத்தி கேள்விக்குறி மாதிரி வளைஞ்சு கிடக்கா."

"உனக்கு நல்ல சாமானாத் தேடிட்டிருக்கேன். கிடைக்கட்டும், உன்னை ஆச்சரியக்குறி ஆக்கிடறேன்."

கிடைத்தது. மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து உயரத்தை மாற்றக்கூடிய ஒரு மேசையும், கைப்பிடி தனித்தனியாக ஏறி இறங்குகிற ஒரு நாற்காலியும் வந்தன. மகன் வேலைக்காக வேறு ஊருக்குப் போனபின் காலியாகக் கிடந்த அறையில் அவற்றைப் போட்டார். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மேசையைத் திருப்பினார். என் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து வைத்து, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கழற்றிய திருகாணிகளை, உருண்டு ஓடாமல் இருக்கத் தலைகீழாக நிறுத்தி, மேசைமேல் வரிசையாக வைத்தார். அதுவும் அவர் பழக்கம். சிப்பாய்கள் மாதிரி நிற்கும்.

"கமா, வா. இன்னிக்கு உன் முறை."

"அடுப்புல பால் இருக்கு."

"அணைச்சுட்டு வா. பாலுக்கு முதுகு கிடையாது, உனக்கு இருக்கு."

நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த காலை. உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன், கையைத் தூக்கினேன்.

"மூக்கைச் சுருக்காதே."

"எங்க சுருக்கினேன்?"

"சுருக்கினே. காது ரெண்டும் மேல ஏறிச்சு."

காலடியில் பலகை வந்தது. இருக்கை ஏறியது. மேசை மெல்ல உயர்ந்து வந்து, நாய்க்குட்டி மூக்கால் முட்டுவதுபோல என் உள்ளங்கைகளைத் தொட்டது. இடது முழங்கைக்குக் கீழே டக், டக் என்று கைப்பிடி ஏறி வந்து தாங்கிக்கொண்டது. டேப்பைப் பல்லால் கிழிக்கிற சத்தம். கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கிற சத்தம்.

"இடது கை முடிஞ்சது. இப்போ வலது" என்றார். எனக்குப் பின்னால் சுற்றி வரும்போது என் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்தக் கை எடுபட்டது.

அப்புறம் ஒன்றும் இல்லை.

நான் சிரித்துக்கொண்டேன். "ஏங்க, காப்பிக்குப் போயிட்டீங்களா? எனக்கும் ஒரு வாய் கொண்டு வாங்க" என்றேன். என்னிடமேவா என்று நினைத்துக்கொண்டு, அவர் விளையாட்டைக் கெடுக்கக் கூடாதென்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். தாங்க எதுவும் இல்லாத வலது கை வலிக்கத் தொடங்கியபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

நாற்காலிக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். மோவாய் நெஞ்சில் பட்டிருந்தது.

கீழே சரியும்போதே உயிர் போயிருக்கும், நீங்கள் அந்த நொடியே திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை நான் நம்புகிறேன். நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

டேப் சுருள் அவர் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சட்டையோடேயே போனது.

அறைக் கதவைச் சாத்திவைத்திருந்தேன். பதிப்பகத்து ஆசிரியர் போன் செய்து, மரங்களைப் பற்றிய ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது, உங்களால் முடியுமா, அவசரமில்லை என்றார். முடியும் என்றேன். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தை நிறுத்துவதற்காகத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் அந்த அறையில் இருந்தது. கதவைத் திறந்தேன்.

எல்லாம் அன்று விட்டபடியே இருந்தன. மேசைக் காலில் பச்சை டேப். நாற்காலித் தண்டில் பச்சை டேப். இடது கைப்பிடி பச்சை டேப்போடு மேலே நின்றது. வலது கைப்பிடி அடியில் கிடந்தது. திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானே வலது கைப்பிடியை இடதுக்குச் சமமாக ஏற்றிக்கொண்டேன், திரையைத் திருப்பினேன், வேலையைத் தொடங்கினேன். ஆலமரத்திலிருந்து ஆரம்பம்.

பிழை பார்க்கும்போது எனக்கு வேறு நினைவு இருக்காது. சாயங்காலம் நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன்: கைப்பிடி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. என் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. திரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது, என் கழுத்தும் கூடவே திரும்பியிருந்தது. பழைய சாமான், பிடி தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டையும் சரி செய்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

காலையில் திறந்தால் கைப்பிடி கீழே. திரை சுவரைப் பார்த்து.

மறுநாளும். அதற்கு மறுநாளும்.

பயந்தேனா என்று கேட்டால், இல்லை. அந்த நாட்களில் எனக்குப் பயப்படக்கூடத் தெம்பு இருக்கவில்லை. இறங்கினால் ஏற்றுவேன். திரும்பினால் திருப்புவேன். ஆனால் கை பொறுக்கவில்லை. முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு கடைசி இரண்டு விரல்கள் என்னுடையவை இல்லை என்பதுபோல ஆயின. ஒரு நாள் காப்பி டம்ளர் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது தரையில் விழுந்து உருண்டது.

டாக்டர் என் முழங்கையைத் தட்டிப் பார்த்தார். "கழுத்து ஒரு பக்கமாத் திரும்பியிருக்கு, கை தொங்குது. எப்படி உக்காந்து வேலை பாக்கறீங்க? யாராவது தெரிஞ்சவங்களை விட்டு அதைச் சரி பண்ணுங்க. இல்லேன்னா இந்தக் கை அப்படியே போயிடும்."

என் வீட்டுக்காரர்தான் அந்த வேலை பார்க்கிறார் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அன்றே கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினேன். பழைய மரநாற்காலி, பழைய தலையணை. அறைக் கதவைச் சாத்தினேன். ஒரு பக்கம் பார்த்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று கைப்பிடி மேலே ஏறியது. நின்றது. சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு ஒரேயடியாகக் கீழே இறங்கியது. மறுபடி டக், டக், டக். முழங்கை இல்லாத இடத்தில் முழங்கையைத் தேடுவதுபோல.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். சத்தம் நின்றது. ஜன்னல் வெயில் காலி நாற்காலிமேல் விழுந்திருந்தது. கதவைச் சாத்தினேன். டக், டக், டக்.

கம்ப்யூட்டரை மறுபடி அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் வேலை ஓடாது, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகன் வந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கையைக் காட்டு" என்றான். போனில் நான் உளறியிருந்தேன். தன் இரண்டு விரலை என் உள்ளங்கையில் வைத்தான்.

"அழுத்து பாக்கலாம்."

அழுத்தினேன்.

"அழுத்தும்மா."

"அழுத்திட்டுத்தான்டா இருக்கேன்."

அவன் விரலை எடுத்துக்கொண்டான். "நீ எங்கூட வந்துடு" என்றான். "இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். மேசை நாற்காலியை யாராவது எடுத்துட்டுப் போகட்டும்."

"இந்தப் புத்தகம் முடியட்டும்."

"புத்தகத்துக்கு முன்னாடி கை முடிஞ்சுடும்போல இருக்கே. அப்புறம் எதை வெச்சுத் திருத்துவே?"

அவன் சொல்வதில் தப்பில்லை. கை போனால் வேலை இல்லை. வேலை இல்லாமல் நான் இந்த வீட்டில் தனியாக இருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அவன் வீட்டுக்குப் போய், அவன் எடுத்து வைக்கும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவன் நல்லவன், நன்றாகத்தான் வைத்துக்கொள்வான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாற்காலி தானாக இறங்குவதைச் சொன்னேன். சிரித்தான், அப்பா மாதிரியே. "லிஃப்ட் தானா மாடி ஏறுதுன்னு எத்தனை பேர் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா? போய்ப் பாத்தா ஸ்விட்சுல ஈரம் இருக்கும், இல்லேன்னா ஒயரை எலி கடிச்சிருக்கும். பேய்க்கு மாடி ஏற லிஃப்ட் எதுக்கும்மா?"

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தான். "கைப்பிடியில பல்லு தேயலை, ஸ்பிரிங் நல்லா இருக்கு. இது இறங்கவே கூடாதே" என்று முணுமுணுத்தான். வலது கைப்பிடியை ஏற்றி, அடியில் ஒரு திருகாணியைப் போட்டு, ஸ்பேனரால் இறுக்கினான். நெற்றி நரம்பு புடைக்கும்வரை இறுக்கினான். "இனிமே இது இறங்கணும்னா நான் வந்து கழட்டினாத்தான் உண்டு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். "அப்பாகிட்ட மாட்டிக்கிட்டு எத்தனை தடவை இப்படி உக்காந்திருக்கேன்! லேசா இமையைத் தூக்கினாப் போதும், கண்டுபிடிச்சுடுவாரு. 'டேப் ஒட்டினது ஒட்டினதுதான். மத்தது முதல்லேருந்து!' ஒரு நாள் சாயங்காலம் விளையாடப் போகவே விடலை."

அவரைப் போலவே குரலை இறக்கிச் சொன்னான். இடது கைப்பிடியில் இருந்த பச்சை டேப்பைப் பார்த்தேன். வலதில் டேப் இல்லை. திரையில் இல்லை.

அன்று நான்தான் கண்ணைத் திறந்தேன். அவர் சொல்வதற்கு முன்னால்.

காலையில் மகன்தான் முதலில் அந்த அறைக்குப் போனான். நான் போனபோது மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கைப்பிடி அடியில் கிடந்தது. அவன் இறுக்கிய திருகாணி மேசைமேல், தலைகீழாக, நேராக நின்றது.

"நீ கழட்டினியாம்மா?"

"எந்தக் கையால?"

என் கையைப் பார்த்தான். திருகாணியைப் பார்த்தான். தொடவில்லை. "வேண்டாம்மா. இன்னிக்கே வண்டி சொல்லிடறேன். மத்தியானத்துக்குள்ள இது ரெண்டும் இந்த வீட்டை விட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் நடையில் ஓட்டம் இருந்தது.

நான் அங்கேயே நின்றேன். எத்தனையோ வீடுகளில், இருட்டிப்போனாலும், சாப்பாட்டு நேரம் தாண்டினாலும், அவர் ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்ததில்லை. மத்தியானம் வண்டிக்காரர்கள் வந்து இதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஏதோ ஒரு கிடங்கில், ஒரு மூலையில், டக், டக், டக் என்று இது யாருடைய முழங்கையையோ தேடிக்கொண்டிருக்கும்.

முடிக்க விட்டால் போய்விடுவார். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது, கைப்பிடி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், இறங்கியிருக்கட்டும் என்று நெஞ்சுக்குள் ஒன்று சொல்லும். கை மரத்துப்போனாலும் பரவாயில்லை என்று இத்தனை நாள் அதே நாற்காலிக்குத் திரும்பித் திரும்பி வந்தது எதற்காக?

உட்கார்ந்தேன். இடுப்பைப் பின்னால் தள்ளி, பலகைமேல் காலை வைத்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் தூக்கினேன்.

ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த நிசப்தம் தெரியும். முன்பு ஒருமுறை அதில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்று என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவரும் அந்தத் தரையும் இருப்பது தெரிந்தது. அங்கே யார் எப்படி உட்கார்ந்திருப்பார் என்பதும் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் இது நின்றுவிடும். இமைகள் துடித்தன. மூக்கைச் சுருக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாற்காலியின் முதுகுப்புறம் லேசாகப் பின்னால் இழுபட்டது. தரையில் இருக்கிற ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதுபோல. பிறகு முட்டி சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று.

"அம்மா, வண்டி மத்தியானத்துக்கு..." மகன் குரல் அறை வாசல்வரை வந்து, அங்கே அறுந்தது. அவன் மூச்சு உள்ளே போனது கேட்டது, வெளியே வந்தது கேட்கவில்லை.

என் வலது தோள்மேல் கனம் இல்லை. ஆனால் தோள் தானாகத் தளர்ந்து இறங்கியது, சரியான இடத்துக்கு. டக். டக். கைப்பிடி ஏறி வந்தது. அவசரமே இல்லாமல், தண்ணீர் ஏறி வருவதுபோல, என் முழங்கையைத் தொட்டு, இன்னும் ஒரு டக் ஏறி, தாங்கிக்கொண்டது. மரத்திருந்த விரல்களில் ஊசி ஊசியாக ரத்தம் இறங்கியது.

டேப்பைப் பல்லால் கிழிக்கிற சத்தம் என் காதுக்கு வெகு அருகில் கேட்டது. எச்சில் பண்ணாதீங்க என்று சொல்ல வாய் எடுத்தேன், அடக்கிக்கொண்டேன். கட்டைவிரல் தேய்க்கும் சத்தம். அப்புறம் திரை மேசையில் உரசிக்கொண்டு திரும்பியது, கொஞ்சம் முன்னால் வந்தது, ஒரு மயிரிழை பின்னால் போனது.

எல்லாம் ஓய்ந்தது.

இனி அந்த ஒரு சொல்தான் பாக்கி. அது வரவில்லை. காத்திருந்தேன். என் உடம்பில் எங்கேயும் வலி இல்லை. கழுத்து இருப்பதே தெரியவில்லை. கைகள் மிதந்தன. என் வாழ்நாளில் இவ்வளவு சுகமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. இப்படியே கண்ணை மூடிக்கொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் இருந்துவிடலாம். நான் திறக்காதவரைக்கும் அவர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பார். அவர் அமைத்துக் கொடுத்த சுகம் அப்படிப்பட்டதுதான்.

"அம்மா." மகன் குரல் தேய்ந்துபோயிருந்தது. "திறக்கச் சொல்றார்மா."

"யாரு?"

"அப்பா. சொல்றார், ஆனா... சத்தம் வரலை. வாய் மட்டும் அசையுது."

"கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லு."

அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"சிரிக்கிறார்" என்றான். பிறகு, "தலையை ஆட்டறார். திறந்துடும்மா. தயவுசெஞ்சு திறந்துடு."

திறந்தேன்.

நேற்று விட்ட பக்கம் திரையில் நின்றது. என் கண் விழுந்த இடம் அதன் மேல் வரி. புளியமரத்தைப் பற்றியது. அந்த வரியில் ஒரு கமா விடுபட்டிருந்தது. வலது கையால் போட்டேன். சுண்டுவிரல் வந்து உதவியது.

திரும்பிப் பார்த்தேன். சுவர், தரை, வெயில். வாசலில் என் மகன் கதவுச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். வலது கைப்பிடியில் பச்சை டேப் ஒட்டியிருந்தது. ஒரு ஓரம் பல் பல்லாகக் கிழிந்து, ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். துடைக்கவில்லை.

வண்டியை அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கூடத்தில் இருவரும் காப்பி குடித்தோம், டம்ளரை நான் வலது கையில் பிடித்துக்கொண்டேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வாசலுக்கு வந்தப்போ உதட்டுல விரலை வெச்சுக் காட்டினார்" என்றான்.

"அப்புறம்? எப்படி இருந்தார்?"

"அதைக் கேக்காதேம்மா."

நான் கேட்கவில்லை. அவனும் இன்றுவரை சொல்லவில்லை. இப்போதெல்லாம் வந்தால் கூடத்திலேயே படுத்துக்கொள்கிறான். லிஃப்ட் தானாக மாடி ஏறுகிறது என்று யாராவது கூப்பிட்டால் சிரிக்காமல் போய்ப் பார்க்கிறானாம்.

மரப் புத்தகம் முடிந்துவிட்டது. அடுத்தது பறவைகள். கை முழுசாகத் திரும்பிவிட்டது. டாக்டர், யார் சரி பண்ணிக் கொடுத்தது என்று கேட்டார், தெரிந்தவர்தான் என்றேன். கைப்பிடி இறங்குவதில்லை, திரை திரும்புவதில்லை. காலையில் கதவைத் திறந்தால் எல்லாம் டேப் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. முதல் நாட்களில் அது எனக்கு நல்ல செய்தியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

அந்த நாற்காலியில் நான் கண்ணை மூடுவதில்லை. கண் சோர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். கண்ணுக்கு மருந்து விடுவதென்றால் எழுந்து கூடத்துக்கு வந்துவிடுவேன். மூடிக்கொண்டு கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதே போதும் என்று வைத்திருக்கிறேன். சில நாள் அது போதுவதில்லை. அப்படிப்பட்ட நாட்களில் சீக்கிரமே வேலையை நிறுத்திவிட்டு வெளியே நடக்கப் போய்விடுவேன்.

இன்று காலை மீன்கொத்தியைப் பற்றிய பக்கத்தில் இருந்தேன். வெயிலில் தூசி பறந்தது. திடீரென்று ஒரு தும்மல் வந்துவிட்டது. தும்மும்போது யாரால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியும்? கைகள் மேசையை விட்டு எழும்பியிருந்தன.

பின்னால் முட்டி சொடுக்கியது.

"தும்மல்தாங்க" என்றேன், கண்ணை அகலத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டே. "வேலை ஒண்ணும் இல்லை. எல்லாம் சரியா இருக்கு. நீங்க போங்க."

கொஞ்ச நேரம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு மீன்கொத்தியைத் தொடர்ந்தேன்.